காக்கா கடி

ஒரே ஒரு கமர்கட்டு, தின்ன இரண்டு பேர். உடைக்கக் கல் அகப்படவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். கமர்கட்டைச் சட்டை நுனியில் சுற்றி, துணியோடு சேர்த்துக் கடைவாய்ப் பல்லில் வைத்து ஒரே கடி. உனக்குப் பாதி, எனக்குப் பாதி. நடுவில் துணி இருந்ததால் எச்சில் இல்லை. இதற்குக் காக்கா கடி என்று பெயர். காகம் எந்தச் சட்டையில் வைத்துக் கடித்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தத் துணிக்கு ஒரு வேலை உண்டு. தான் கடித்துத் தின்றது போக மிச்சத்தை நீட்டினால், வாங்குகிறவன் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறான். துணியில் வைத்துக் கடித்துக் கொடுத்தால் அது பங்கு. எச்சில் என்ற சொல்லுக்குள் நம் ஊரில் சாதியும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் பிள்ளைகள் அந்தச் சொல்லை எடுத்து, பெரியவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். விலக்குவதற்கான விதியைப் பகிர்வதற்கான வழியாக மாற்றினார்கள்.

எம். மணிகண்டனின் 'காக்கா முட்டை'யைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காக்கா கடிதான் நினைவுக்கு வருகிறது. 2014 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2015 ஜூன் 5 அன்று இங்கே வெளியான படம். 62-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த குழந்தைகள் படம் என்ற விருதும், நடித்த இரு சிறுவர்களுக்கும் சிறந்த குழந்தை நட்சத்திரம் என்ற விருதும் கிடைத்தன. விக்னேஷ், ரமேஷ் என்ற அந்த இருவரும் நொச்சிக்குப்பத்துப் பிள்ளைகள். ஒளிப்பதிவையும் மணிகண்டனே செய்தார்.

கதை பலருக்குத் தெரியும். சிறையில் இருக்கும் அப்பா, ஜாமீனுக்காக வக்கீலிடம் பணத்தைக் கொட்டும் அம்மா, ஆயா, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தண்டவாள ஓரத்தில் சிந்திய நிலக்கரியைப் பொறுக்கி விற்கும் அண்ணன் தம்பி. அவர்கள் விளையாடிய இடத்தில் பீட்சா கடை வருகிறது. விலை 299 ரூபாய். அதைச் சேர்க்க வேண்டும்.

படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் உலகமயமாதல், விளம்பரம், பெருநிறுவனம் என்று போய்விடுகிறார்கள். அதெல்லாம் படத்தில் இருக்கிறது. ஆனால் கதையின் ஓரத்தில் ஒரு வேலி வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பையன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இவர்களோடு பேசுகிறான். பீட்சா எப்படி இருக்கும் என்று சொல்பவனும் அவன்தான். ஒருநாள் தான் தின்றது போக மீந்ததைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அவன் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சின்னவன் கை நீளப் பார்க்கிறது, பெரியவன் தடுத்துவிடுகிறான்.

இந்தக் காட்சியைச் சுயமரியாதை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. அண்ணன் அந்தப் பையன்மீது கோபப்படவில்லை, நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. அவன் மறுப்பது துணி இல்லாத கடியை. இந்தச் சோற்றை வாங்கினால் நாளை இந்த வேலியில் நாம் நண்பர்களாக நிற்க முடியாது என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஏற்றத்தாழ்வு உள்ளவர்களின் நட்பு என்றாலே நம் மரபு ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடும். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான், கர்ணன் உயிரைக் கொடுத்து அடைத்தான். அதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்றே பெயர். 1964-இல் 'கர்ண'னாகவும் 1991-இல் 'தளபதி'யாகவும் அந்தக் கடன் திரைக்கு வந்தது. குசேலர் அவல் முடிச்சோடு போய் மாளிகையோடு திரும்பினார். 1992-இன் 'அண்ணாமலை'யில் பால்காரனும் ஓட்டல் முதலாளியின் மகனும் உயிர் நண்பர்கள். நண்பனின் அப்பா குடிசையை இடித்ததும் நட்பு உடைகிறது. பிறகு பால்காரன் பெரும் பணக்காரனாகிறான், இருவரும் சேர்கிறார்கள். வெகுஜன சினிமாவின் தீர்வு எப்போதும் இதுதான்: ஏழை பணக்காரனாகும்வரை நட்பு இடைவேளையில் காத்திருக்கும்.

இந்தக் கணக்கில் பழைய வழக்கு ஒன்று எங்கள் ஊரிலும் நடந்தது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு அது கதை மாதிரியே தெரியாது, தெருவில் போன வாரம் நடந்த பஞ்சாயத்து மாதிரி பேசுவார்கள். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர், அதாவது கடவுளின் நண்பர். ஆனால் அந்த நட்பு தொடங்கியதே ஒரு ஓலையில். புத்தூரில் கிழவர் வேடத்தில் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று பத்திரம் காட்டித்தான் சிவன் இவரைக் கல்யாணப் பந்தலிலிருந்து திருவெண்ணெய்நல்லூருக்கு இழுத்துக்கொண்டு போனார். பிற்பாடு திருவொற்றியூர் வந்த சுந்தரர் சங்கிலியாரைக் கண்டு மனம் பறிகொடுத்தார். உன்னைப் பிரியேன் என்று சன்னதியில் சத்தியம் செய்து தர வேண்டும். திருவாரூரில் மனைவி பரவையார் காத்திருக்க, இந்தச் சத்தியம் நிற்காது என்று அவருக்கே தெரியும். அதனால் நண்பரிடம் ரகசியமாக ஒரு உதவி கேட்டார்: சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு இறங்கி மகிழ மரத்தடியில் போய் இரும். சரி என்றார் நண்பர். சரி என்றவர் அன்றிரவே சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

மேலே இருக்கும் நண்பன் எத்தனை நெருக்கமானாலும், விதியை எழுதும் பேனா அவன் கையில்தான் இருக்கிறது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்குக் கண் போனது. அதே நண்பர் பிறகு பரவையாரின் கோபத்தைத் தணிக்க நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் தூது நடந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பெரியபுராணத்தில் சேக்கிழார் இரண்டையும் மறைக்கவில்லை. உரிமையும் தண்டனையும் ஒரே கையிலிருந்து வரும் இந்த நட்பை நாம் பக்தி என்று வாசிக்கப் பழகிவிட்டோம். ஏற்றத்தாழ்வு உள்ளவர்களின் நட்பு பற்றிய ஆவணமாகவும் அதை வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மணிகண்டன் இந்தக் கடன் புத்தகத்தை மூடிவிட்டு வேறொன்றை வைக்கிறார். பண்டமாற்று. நல்ல உடுப்பு இல்லாமல் பீட்சா கடைக்குள் போக முடியாது என்று தெரிந்ததும் பிள்ளைகள் புதுத்துணி தேடுகிறார்கள். பெரிய வணிக வளாகத்துக்கு வந்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் இருவர், தெருவோரத்துப் பானிபூரி வேண்டும் என்று அழுகிறார்கள். அதெல்லாம் சுத்தமில்லை என்று அவர்கள் அப்பா மறுத்துவிடுகிறார். அண்ணனும் தம்பியும் பானிபூரி வாங்கிக்கொண்டு போய், பதிலுக்குப் புதுத்துணியை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இருபது ரூபாய்ப் பண்டத்துக்கு ஆயிரம் ரூபாய்த் துணியா என்று சிரிக்கிறோம். பிள்ளைகளின் சந்தையில் அது சரியான விலை. அவனுக்குக் கிடைக்காதது இவனிடம் இருக்கிறது, இவனுக்குக் கிடைக்காதது அவனிடம் இருக்கிறது. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

தமிழில் இதற்கு முன் ஏழைப் பையனுக்கு வசதியான பையன் பொம்மையோ சட்டையோ கொடுக்கும் காட்சிகள் ஏராளம். பின்னணியில் வயலின் அழும். இங்கே வயலின் இல்லை, வியாபாரம் இருக்கிறது. படத்தில் பிள்ளைகள் நிஜமாகவே சமமாக இருக்கும் நேரம் இந்தப் பேரத்தின் போதுதான்.

அந்தச் சமம் கடை வாசல்வரைதான் வருகிறது. புதுத்துணி போட்டு, கையில் காசோடு போன பெரியவனைக் கடையின் மேற்பார்வையாளர் கன்னத்தில் அறைகிறார். துணி மாறியும் உடம்பு காட்டிக்கொடுத்துவிட்டது. வீடு திரும்பினால் ஆயா இறந்து கிடக்கிறாள்.

இந்த அறையைப் பார்க்கும்போது சிலி நாட்டுப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் இருக்க முடிவதில்லை. ஆந்த்ரேஸ் வூட் இயக்கிய 'மச்சூகா', 2004. சாந்தியாகோ நகரில் 1973-ஆம் ஆண்டு. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளியின் பாதிரியார், பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளையும் அதே வகுப்பில் சேர்க்கிறார். வூட் படித்த பள்ளியில் உண்மையாகவே நடந்த சோதனை அது. ஜெரார்டோ வீலன் என்ற பாதிரியார் செய்தது. கொன்சாலோவும் பெத்ரோ மச்சூகாவும் நண்பர்களாகிறார்கள். ஒரே சைக்கிள், ஒரே டின் பால். செப்டம்பர் 11 அன்று ராணுவம் அதிபர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்க்கிறது. சிப்பாய்கள் குடிசைகளுக்குள் புகும்போது கொன்சாலோவும் அங்கே இருக்கிறான். ஒரு சிப்பாய் அவனையும் பிடித்துத் தள்ளுகிறான். நான் இங்கே உள்ளவன் இல்லை, என்னைப் பார் என்கிறான் பையன். சிப்பாய் அவன் காலில் கிடக்கும் வெளிநாட்டு ஷூவைப் பார்க்கிறான், விட்டுவிடுகிறான்.

ஒரு படத்தில் ஷூ காப்பாற்றுகிறது, மற்றதில் புதுச்சட்டை காப்பாற்றவில்லை. ஏன்? கொன்சாலோவின் ஷூவுக்குப் பின்னால் நிறமும் பேச்சும் நடையும் சேர்ந்து சாட்சி சொல்கின்றன. பெரியவனின் சட்டைக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. மேலிருந்து கீழே வந்தவன் நினைத்தபோது திரும்பிப் போய்விடலாம், கீழிருந்து மேலே போனவனை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நட்பின் இரண்டு பக்கமும் ஒரே எடை இல்லை என்பதை இந்த இரண்டு உடைகளையும் விடத் தெளிவாகச் சொன்ன சினிமா எனக்குத் தெரிந்து இல்லை.

இதைச் சுயாதீனப் படம் என்று சொல்லலாமா என்று ஒரு சண்டை உண்டு. தயாரித்தவர்கள் தனுஷின் வுண்டர்பார் ஃபிலிம்ஸும் வெற்றிமாறனின் கிராஸ் ரூட் நிறுவனமும், வெளியிட்டது ஃபாக்ஸ் ஸ்டார். பீட்சா கடையைத் திறந்துவைக்கச் சிம்புவே சிம்புவாக வருகிறார். எழுத்தாளர் ஜெயகாந்தன் தன் 'உன்னைப்போல் ஒருவ'னைத் தானே இயக்கிய நிலைமையோடு ஒப்பிட்டால் இது சொகுசு. அந்தப் படத்திலும் ஒரு சேரிப் பையன், சிட்டி. 1964-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் அதற்குச் சான்றிதழ் கிடைத்தது, அந்த ஆண்டின் தங்கப் பதக்கம் சத்யஜித் ராயின் 'சாருலதா'வுக்கு. விருது வாங்கிய படத்தைத் திரையிட அன்றைக்குத் தியேட்டர் கிடைப்பதே பெரும்பாடு. ஐம்பது ஆண்டு கழித்து இன்னொரு சேரிப் பையன் கதையை ஊரே டிக்கெட் எடுத்துப் பார்த்தது என்றால், நட்சத்திரங்களின் பணமும் பெயரும் அதில் ஒரு காரணம். மறுப்பதில் பயன் இல்லை. பணம் யாருடையது என்பதைவிட, மேற்பார்வையாளர் அறையும் காட்சியை யாருக்காகவாவது மென்மையாக்கினார்களா என்று பார்ப்பேன். மென்மையாக்கவில்லை.

'காக்கா முட்டை' வட சென்னைப் படம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் பொறுக்கும் நிலக்கரி எங்களுக்கு அந்நியமும் கிடையாது. சென்னைத் துறைமுகம் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாண்ட காலத்தில் ராயபுரத்து மொட்டை மாடிகளில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. 2011 மே மாதம் உயர் நீதிமன்றம் தடை விதிக்க, அக்டோபரிலிருந்து அந்தச் சரக்கு எண்ணூர்ப் பக்கம் போனது. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்கென்றே 2001-இல் தொடங்கப்பட்ட துறைமுகம் அது. ராயபுரம் மூச்சுவிட்டது. தூசி காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் குடிபோனது.

திருவொற்றியூரும் எண்ணூரும் கம்பெனிகளால் ஆன ஊர்கள். விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட். புல்லட் வண்டிகள் வந்த என்ஃபீல்டு. இன்று டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். 1946-இல் இங்கே ஒரு கொட்டகையில் தொடங்கியபோது செய்தது குழந்தைகள் விளையாடும் பலூன். கம்பெனி என்றால் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் என்றால் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள், இந்தப் பக்கம் கான்ட்ராக்ட் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் குப்பத்துப் பிள்ளைகளும். பந்து மட்டும் இரண்டு பக்கமும் போய்வரும். பந்தை எடுத்துக் கொடுப்பதில் ஆரம்பித்து, வாடகைச் சைக்கிளில் டபுள்ஸ் போவதில் வளர்ந்து, பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒருவன் கல்லூரிக்கும் ஒருவன் வெல்டிங் பட்டறைக்கும் போவதில் சத்தமில்லாமல் முடிந்த நட்புகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

இப்படிப்பட்ட ஊரைப் பற்றித் தமிழ் சினிமா எடுத்ததெல்லாம் கத்தி. 2018-இல் வந்த 'வட சென்னை'யில் கேரம் ஆடப் பிறந்த அன்பு, ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளைக் குத்துவதில்தான் பெரியவனாகிறான். படம் நல்ல படம். குப்பத்து மண்ணைச் சாலைக்குக் கேட்கும் அரசியலை அது பேசியதற்கு ஈடு இல்லை. ஆனாலும் இங்கே பையன்கள் வயதுக்கு வருவதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. 2014-இன் 'மெட்ராஸ்' கொஞ்சம் வேறு வழி காட்டியது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஐ.டி. வேலைக்குப் போகும் காளியும் கட்சி வேலை பார்க்கும் அன்பும் நண்பர்கள். ஒரே படிக்கட்டில் வளர்ந்து வேறு வேறு சம்பளத்துக்குப் போனவர்கள். அந்த வேறுபாட்டைத் தொட்டுவிட்டு, படம் சுவர்ச் சண்டைக்குள் போய்விட்டது. அன்பு வெட்டுப்பட்டதும் அந்தக் கதையும் முடிந்தது.

நட்பு சுவர் தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். டெல்லியில் சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்ற விதி 2007-இல் நடைமுறைக்கு வந்தபோது, பொருளியலாளர் கௌதம் ராவ் அந்தப் பள்ளிகளைப் பார்த்தார்; கட்டுரை 2019-இல் வந்தது. அவர் வைத்த சோதனைகளில் ஒன்று ரிலே ஓட்டம். உன் அணிக்கு யார் வேண்டும்: வேகமாக ஓடும் ஏழைப் பையனா, மெதுவாக ஓடும் பணக்காரப் பையனா? வென்றால் பரிசுப் பணம், ஆனால் ஓட்டத்துக்குப் பின் அந்த ஜோடியோடு சேர்ந்து விளையாடியாக வேண்டும். ஏழை வகுப்புத் தோழர்கள் உள்ள பணக்காரப் பிள்ளைகள் பெரும்பாலும் வேகத்தைப் பார்த்தார்கள், அப்படித் தோழர்கள் இல்லாதவர்களில் ஆளைப் பார்த்தவர்கள் கூடுதல். கூடப் படித்தவர்களிடம் தாராள மனமும் கூடியிருந்தது. கெட்ட வார்த்தையும் கொஞ்சம் கூடியதாக அதே ஆய்வு சொல்கிறது. நியாயமான விலைதான்.

2022-இல் ராஜ் செட்டியின் குழு அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்ட முகநூல் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கும் அளவுக்கு வசதியான நண்பர்கள் வாய்க்கும் சூழல் இருந்தால், பெரியவர்களானதும் அவர்கள் வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும் என்று கணக்கிட்டது. சந்திக்க வாய்ப்பே இல்லாதது இடைவெளிக்குப் பாதிக் காரணம். சந்தித்தும் ஒட்டாமல் இருப்பது மறுபாதி. வேலியைப் பிடுங்கினால் பாதி வேலைதான் முடியும் என்று அர்த்தம். மறுபாதி அந்தத் துணியில் இருக்கிறது, மிச்சத்தை நீட்டுகிறாயா, பங்கு போடுகிறாயா என்பதில்.

நம் நாட்டில் 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் அதை உறுதிசெய்தது. சிலிப் பாதிரியாரின் சோதனை இங்கே சட்டமாகவே இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு 'மச்சூகா' வரவில்லை. குலுக்கலில் இடம் கிடைத்த பையனின் டிபன் பாக்ஸை பக்கத்து பெஞ்சுப் பையன் எட்டிப் பார்க்கும் ஒரு நிமிடத்தை எந்த கேமராவும் பிடிக்கவில்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பின் எங்கள் ஊர்ப் பையன் வண்டி மாறாமல் அண்ணா சாலையில் போய் இறங்கலாம். இறங்கியபின் கண்ணாடிக் கதவருகே நிற்கும் காவலாளி அவனை எப்படிப் பார்க்கிறார் என்பதற்கும் ஒரு படம் பாக்கி.

'காக்கா முட்டை'யின் கடைசியில் அறை வாங்கிய காட்சி கைபேசியில் பதிவாகி டி.வி.க்குப் போய்விடுகிறது. பயந்துபோன முதலாளி சிவப்புக் கம்பளம் விரித்துப் பிள்ளைகளை வரவேற்கிறார். இனி வாழ்நாள் முழுக்க இலவசம். கூட்டம் வேடிக்கை பார்க்க, அண்ணனும் தம்பியும் பீட்சாவைக் கடிக்கிறார்கள். ருசிக்கவில்லை. ஆயா விளம்பரத் தாளைப் பார்த்துச் சுட்டுத் தந்த தோசையே நன்றாயிருந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பலர் இதை மண்ணின் ருசி வென்றது என்று வாசித்தார்கள். எனக்கு அந்தத் தோசை மட்டும் காரணமாகப் படவில்லை. 299 ரூபாய் சேர்த்துக் கேட்டது கிடைத்திருந்தால் ருசித்திருக்கலாம். இது முதலாளி தன் பேரைக் காப்பாற்றக் கொடுத்தது, தட்டு முழுசாக இருந்தாலும் அவர் கடித்த மிச்சம்தான்.

படத்தின் தொடக்கத்தில் பெரியவன் மரத்தில் ஏறுகிறான். கூட்டில் மூன்று முட்டை. தனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் காகத்துக்கே விட்டுவிடுகிறான். பிறகு அந்த மரத்தை வெட்டிவிட்டுத்தான் அங்கே கடை கட்டுகிறார்கள்.